இசக்கியப்பனின் முதல்தரப் பச்சை

இந்த நாட்டில் மக்கள் பசியில்லாமல் இருப்பதற்கு மழை, மண், விவசாயி என்று மூன்று காரணங்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். ஆத்தூர் இசக்கியப்பன் இந்தப் பாடத்தை ஒப்புக்கொண்டவர் அல்லர். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். அந்த முப்பத்தொரு வருஷமும் அவர் இறக்கியது பெரும்பாலும் யூரியா. ஆகவே நாட்டுக்குச் சோறு போட்டது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

கப்பலின் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று, ஜவ்வரிசியைக் கொட்டினாற்போல யூரியா மலையாகக் கிடக்கும். இசக்கியப்பன் விசில் ஊதினால் கிரேன் அசையும். அவர் கையைத் தூக்கினால் நிற்கும். அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏறி அது எங்கெங்கோ போகும். போன இடத்தில் அது என்ன ஆகிறது என்பதை மட்டும் அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஒரு மணி யூரியா ஒரு மணி நெல்லாவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அருணாசலவடிவிடம் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிவந்தார்.

ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் அவர் கவனம் சமையலறையின் மேல் விழுந்தது. அங்கே நிர்வாகம் சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஒரே வாரத்தில் டப்பாக்கள் எல்லாம் கப்பல் அறைகளைப் போல வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினார்: ‘ஹேட்ச் 1, துவரம்பருப்பு’, ‘ஹேட்ச் 2, உளுந்து’. துறைமுகத்தில் மூட்டைகளை நல்லது, கிழிந்தது, நனைந்தது என்று மூன்றாகப் பிரித்து அடுக்குவது வழக்கம். அதன்படி காய்கறிகளும் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. கத்தரிக்காய்களில் பெரும்பான்மை மூன்றாம் தரத்தில் போய் விழுந்தன.

“ஏங்க, சீரகம் எங்க?” என்று அருணாசலவடிவு அடுப்படியிலிருந்து கேட்பார்.

“ஏழாவது ஹேட்ச். எடது பக்கம், பின் வரிசை.”

“ரசம் கொதிச்சு வத்திப்போச்சு. நான் இன்னும் கப்பல்லயே நிக்கேன்.”

நாற்பதாவது நாள் அந்த அம்மாள் தன் அண்ணன் சிவசுப்பிரமணியனுக்குப் போன் செய்தார். அப்பா அவருக்கென்று விட்டுப்போன ஒரு ஏக்கர் வயல் ஆத்தூர்க் குளத்துப் பாசனத்தில் இருந்தது. பக்கத்து வயல்களில் வாழை போட்டிருந்த அண்ணன்தான் அதையும் சேர்த்துப் பார்த்துவந்தார். அதை ஒரு பருவத்துக்குத் தன் கணவரிடம் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டது விவசாயத்தின் மேல் கொண்ட பற்றினால் அல்ல. வயல் வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தொலைவில் இருந்தது. அதுவே அதன் சிறப்பு.

சிவசுப்பிரமணியன் பேசும்போது சொற்களை எண்ணிச் செலவழிக்கிறவர். நேரில் வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“மாப்ள, இந்தப் பிசானம் மட்டும் தாரேன். மார்கழியில வந்து பாப்பேன். பயிர் தேறும்னா வருசா வருசம் நீங்களே வச்சுக்கோங்க. தேறாதுன்னா உழுதுபோட்டு வாழக்கன்னு வச்சிருவேன். வாழ வச்சா மூணு வருசத்துக்கு அந்தப் பேச்சு கெடையாது.”

பிசானம் என்பது ஐப்பசியில் தொடங்கி மாசி வாக்கில் அறுக்கும் பருவம். மார்கழிக்குள் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்று இசக்கியப்பன் விளங்கிக்கொண்டார். தோற்றால் மூன்று வருஷம் சமையலறை. இதை அவரைவிடத் தெளிவாக விளங்கிக்கொண்டவர் அருணாசலவடிவு.

முதல் வேலை நாற்று. அம்பை பதினாறு என்ற நெல் ரகத்தின் விதையை வாங்கி, ஊறவைத்து, நாற்றங்காலில் பாவினார். காலையும் மாலையும் போய் வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தார். பதினைந்தாம் நாள் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. நாற்றுகளில் சில, மற்றவற்றைவிட மூன்று விரற்கடை உயரமாக, பளபளவென்று நின்றன. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே மண். இருந்தும் சில மட்டும் முந்துகின்றன. தகுதியுள்ளவர்கள் எங்கும் இருப்பார்கள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

நாற்றுப் பறித்த அன்று அவர் செய்த காரியத்தை ஆத்தூர் வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. முடி முடியாக, சிறு கட்டுகளாகக் கட்டிய நாற்றுகளை வரப்பில் பரப்பி, உயரம் பார்த்து மூன்று தரமாகப் பிரித்தார். உயரமானது முதல் தரம், நடுத்தரமானது இரண்டாம் தரம், சோனியானது மூன்றாம் தரம். முதல் தர முடிகள் அனைத்தையும் வயலின் வடகிழக்கே, ஈசான மூலையில் நடுவதென்று தீர்மானித்தார். நல்ல மூலை, நல்ல நாற்று; அண்ணன்காரர் தோட்டத்துப் பாதையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிகிற இடமும் அதுதான்.

உள்ளூரில் நடவும் களையெடுப்பும் பார்க்கிற பெண்களின் செட்டு ஒன்று உண்டு. அதற்குத் தலைவி பேச்சிச்செல்வி. அந்த வாரம் அவர்கள் வேறு வயலில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனவே வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருந்த நடவு ஆட்களை இசக்கியப்பன் ஏஜென்ட் மூலம் பிடித்தார். அவர்கள் கொடுத்த முடியைக் கொடுத்த இடத்தில் கயிறு பிடித்து நேர்வரிசையில் நட்டு, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். வேலை சுத்தம். வரிசையைப் பார்த்து இசக்கியப்பனுக்கே கண் நிறைந்தது.

நட்ட பதினைந்தாம் நாள் மேலுரம் போட வேண்டும். பேச்சிச்செல்விக்குப் போன் செய்து எப்போது களையெடுக்க வருவாய் என்று கேட்டார்.

“இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளிக்கெழம வாரோம் அண்ணாச்சி. அதுக்கு முந்தி உரத்தப் போட்டுறாதிய. களையெடுத்த பொறவு போட்டாத்தான் பயிருக்குச் சேரும்.”

“அதுவரைக்கும் பயிர் பட்டினி கெடக்கணுமா?”

“பத்து நாள்ல ஒண்ணும் செத்துராது.”

இசக்கியப்பன் போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டார். யூரியாவைப் பற்றி இசக்கியப்பனுக்கு ஒருவர் யோசனை சொல்வதா? அன்று மாலையே வயலில் இறங்கி, தன் கையால், கோவிலில் பூத் தூவுவது போல் யூரியாவைத் தூவினார். ஈசான மூலைக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக.

இந்த இடத்தில் குதிரைவாலிப் புல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது மரியாதை ஆகாது. நெல் வயலில் குடியிருக்கும் களைகளில் அதற்குத்தான் தலைமைப் பதவி. கோரை ஒரு பார்வையில் கோரை என்று தெரிந்துவிடும். நாலிலை ஆரைக்கீரையும் தன்னை மறைக்கத் தெரியாத அப்பாவி. குதிரைவாலியோ சின்ன வயசில் நெல்லைப் போலவே உடுத்திக்கொண்டு, நெல்லோடு நெல்லாக நாற்றங்காலில் முளைத்து, நெல்லோடு சேர்த்துப் பறிக்கப்பட்டு, நெல்லோடு ஒரே கொத்தாக, ஒரே குத்தில் நடப்பட்டு வயலுக்கு வந்து சேரும். அதன் நல்ல குடும்பத்து உறவினர் ஒருவர் தூத்துக்குடியில் இயற்கை அங்காடிகளில் அரைக்கிலோப் பொட்டலத்தில் சிறுதானியம் என்று உட்கார்ந்திருக்கிறார். வயலில் இருப்பவருக்கு அந்த மாதிரி உழைத்துச் சாப்பிடும் பழக்கம் இல்லை.

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இலை போட்டவுடன் உட்கார்ந்துவிடுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று கேட்டால் இரண்டு பக்கமும் கையைக் காட்டுவார்கள். வயலில் நடப்பதும் அதுவே. நாற்றைப் பிடுங்கி நட்டதும் நெல் முகம் வாடி, புது மண்ணில் வேர்விட ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். குதிரைவாலி வாடுவதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. அதற்குள் வேரைக் கீழேயும் பக்கத்திலும் வலையாக வீசிவிடும். தண்ணீரில் கரைந்த யூரியாவுக்கு யார் மருமகன், யார் அழையாதவர் என்று தெரியாது. முதலில் நீண்டிருக்கிற வேருக்குள் போய்விடும். அப்படித் தழைச்சத்தில் பெரும்பங்கைக் குடித்து, அதைக்கொண்டு இலை வளர்த்து, வெயில் ஏற ஏற நெல்லைவிட வேகமாக உணவு செய்து, உயர்ந்து, நெல்லுக்கு வரவேண்டிய வெளிச்சத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கும். சாப்பாட்டை முடித்ததோடு போகாமல் விளக்கையும் எடுத்துக்கொள்கிற விருந்தாளி.

ஆனால் பார்க்க அழகு. அதில் குறை சொல்ல முடியாது.

உரம் போட்ட எட்டாம் நாள் ஈசான மூலை கண்ணைக் கூசவைக்கும் பச்சையாகிவிட்டது. வயலின் மற்ற பகுதி சாதாரணமாக, கொஞ்சம் மஞ்சளோடிய பச்சையில் இருந்தது. இசக்கியப்பனுக்கு இதில் வியப்பில்லை. முதல் தரம் முதல் தரமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து தன் பழைய நண்பர் ரோச்சை வரவழைத்தார். ரோச், அதே கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர், கடற்கரைக்காரர், வாழ்நாளில் நெல்லைச் சோறாக மட்டுமே பார்த்தவர்.

“லேய் இசக்கி, என்னலே இது, கண்ணாடி போட்டாத்தான் பாக்க முடியும் போலுக்க.”

“யூரியாலே. நீ தூக்கிப்போட்டியே, நான் விசில் ஊதினனே, அதுதான் இது.”

ரோச் வரப்பில் இரண்டடி முன்னே போய் நின்று பார்த்தார். தன் வேலைக்கும் ஒரு பச்சை நிறம் இருக்கும் என்று அவரும் நினைத்ததில்லை. பிறகு போனை எடுத்து நான்கு கோணங்களில் படம் பிடித்து, துறைமுக ஓய்வூதியர்களின் வாட்ஸாப் குழுவில் ‘நமது ஃபோர்மேனின் வேளாண் சாதனை’ என்று போட்டார். மாலைக்குள் நாற்பத்திரண்டு கைகூப்பல்கள் வந்துவிட்டன. ஒருவர் மட்டும் பெயிண்ட் அடித்ததா என்று கேட்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், சங்கத் தேர்தலில் தோற்றவர்.

படம் கைக்குக் கை மாறிச் சிவசுப்பிரமணியனுக்கும் போனது. அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘ஞாயிறு வாரேன்.’

இசக்கியப்பன் உடனே ஈசான மூலையைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, துறைமுகத்தில் அபாயப் பகுதிக்குக் கட்டுவது போலச் சிவப்புத் துணி கட்டினார். ஞாயிறு வரை அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பேச்சிச்செல்வி எட்டுப் பெண்களோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். நடக்கும்போதே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், வரப்பில் ஏறியதும் நின்றார்.

“மேலுரம் போட்டுட்டியளா அண்ணாச்சி?”

“போட்டேன். அதனாலதான் இப்படி இருக்கு.”

“ஆமா, அதனாலதான் இப்படி இருக்கு,” என்றார் பேச்சிச்செல்வி.

இசக்கியப்பன் அன்றைய உத்தரவுகளை வாசித்தார். வயல் முழுவதும் களையெடுக்கலாம். சிவப்புத் துணிக்கு உள்ளே மட்டும் இறங்கக் கூடாது. அங்கே களையே இல்லை.

செட்டில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பேச்சிச்செல்வி அவளைப் பார்த்தார். “ஏளா, சும்மா இரு.” பிறகு துணியைத் தூக்கிக் குனிந்து உள்ளே இறங்கினார். இசக்கியப்பன் இடுப்பில் விசிலைத் தேடினார். அது வீட்டில் ஆணியில் தொங்கியது.

“பேச்சி, வெளிய வா. அது முதல் தரம்.”

“என்னத்துல முதல் தரம்?”

“நெல்லுல.”

“இது நெல்லில்ல அண்ணாச்சி. குதிரவாலி.”

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ வாக்குவாதங்களைக் கண்டவர் இசக்கியப்பன். நிதானமாக எடுத்துச் சொன்னார். விதை அரசாங்க முத்திரையுள்ள பையில் வந்தது. வரிசை கயிறு பிடித்து நட்டது. களை என்றால் தாறுமாறாக முளைக்குமே தவிர இப்படி அணிவகுத்து நிற்காது. நாற்பத்திரண்டு பேர் பாராட்டியிருக்கிறார்கள்.

“களை தானா வரிசையா நிக்காது. நீங்கதான் நிக்க வச்சிருக்கிய,” என்றார் பேச்சிச்செல்வி. “எறங்கி வாங்க. வெரல்ல காட்டுதேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு இசக்கியப்பன் சேற்றில் இறங்கினார். பேச்சிச்செல்வி பக்கத்து வரிசையிலிருந்து சோனியாக நின்ற மூன்றாம் தரப் பயிர் ஒன்றின் இலையைப் பிடித்து, அது தண்டோடு சேருகிற இடத்தை அவர் விரலில் தந்தார்.

“தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் பூனமுடி மாதிரி குத்துதா? நடுவுல வெள்ளையா ஒரு நாக்கு தெரியுதா? அந்தப் பூனமுடிதான் காது. நெல்லுன்னா காது இருக்கும். நாங்க கண்ணால பாத்துக் களையெடுக்கதில்ல, காதப் பாத்துத்தான் எடுக்கோம். இப்ப உங்க முதல் தரத்தத் தடவுங்க.”

இசக்கியப்பன் தடவினார். இலை வழவழவென்று தண்டுக்குள் போயிற்று. எதுவும் குத்தவில்லை. அடித்தண்டு தட்டையாக, லேசாகச் சிவப்போடியிருந்தது. இலை நடுவே வெள்ளைக் கோடு ஒன்று சிரித்துக்கொண்டு ஓடியது. இது ஏதோ ஒன்று தப்பி வந்தது என்று அடுத்ததைத் தடவினார். அதற்கும் காது இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. ஒரு வரிசை முழுவதும் குனிந்தபடியே போனார். திரும்பி இன்னொரு வரிசை வந்தார். பெண்கள் வேலையை நிறுத்தி, ஒரு மனிதர் தன் வயலில் காது தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏழாவது வரிசையில் நிமிர்ந்தார்.

“என் யூரியா எல்லாம்?”

“அது குடிச்சிட்டு. அதான் பச்ச.”

“நெல்லு?”

பேச்சிச்செல்வி ஒரு குத்தை விரித்துக் காட்டினார். முதல்தரத்தின் நிழலில், நடுவே ஒடுங்கி, இரண்டு மஞ்சள் நெல்தாள்கள். சத்துணவு வரிசையில் கடைசியில் நிற்கிற பிள்ளைகளைப் போல இருந்தன. இசக்கியப்பன் விரலை விட்டுத் தடவினார். குத்தியது. காது இருந்தது.

“உசுரோட இருக்கு,” என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல்.

“இருக்கும். இன்னிக்குப் புடுங்குனா பொழச்சுக்கிடும். அம்பைப் பயிரு தூர் கட்டிப் பக்கத்தாள் வெடிக்க இன்னும் நாள் இருக்கு.”

“திங்கக்கிழம எடுக்கலாமா?”

இந்தக் கேள்வியில் அவருடைய நிலைமை முழுவதும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிவசுப்பிரமணியன் பாதையிலிருந்து பார்ப்பார். அப்போது அந்த மூலை பச்சையாக இருந்தால் வயல் பிழைக்கும். இன்று பிடுங்கினால், அவர் பார்ப்பது சொட்டை விழுந்த மஞ்சள் மூலையைத்தான். உழுதுபோடச் சொல்லிவிடுவார்.

பேச்சிச்செல்வி ஒரு தண்டைக் கிள்ளிப் பிளந்தார். உள்ளே, விரல் நீளத்தில், இளம்பச்சைக் கதிர் சுருண்டு படுத்திருந்தது.

“பாத்துக்கிடுங்க. நாளைக்கோ நாளக்கழிச்சோ வெளிய வந்துரும். வந்து கொட்டுச்சுன்னா ஒரு செடிக்கு ஆயிரக்கணக்குல விதை. அப்புறம் வருசாவருசம் நீங்க விதைக்கவே வேண்டாம், அதுவே மொளைக்கும். திங்கக்கிழம நாங்க முக்காணி ஊரு வயல்ல நிக்கோம். இன்னிக்குன்னா இன்னிக்கு.”

இசக்கியப்பன் ஈசான மூலையைப் பார்த்தார். காற்றில் அது கப்பல் கொடி போல அசைந்தது. இதைவிட அழகான எதையும் அவர் வளர்த்ததில்லை. இதைத் தவிர எதையும் வளர்த்ததில்லை. பிறகு ஒரு குச்சியைப் பிடுங்கி, சிவப்புத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். முதல் செடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அவ்வளவு வேர். இரண்டு கையாலும் இழுத்தபோது சேற்றோடு பொத்தென்று வந்து, அவரை உட்காரவைத்தது.

“அண்ணாச்சி, அது நல்லாச் சாப்பிட்ட ஒடம்புல்லா,” என்றாள் முன்பு சிரித்த பெண்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஈசான மூலை காலியானது. வரப்பில் முதல்தரம் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதைப் பேச்சிச்செல்வி தன் எருமைக்கென்று கட்டு கட்டாகக் கட்டினார். ஒரேயடியாகப் போட்டால் வயிறு ஊதும், காயவைத்து வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று எருமையின் மேல் அக்கறையோடு விளக்கினார். வயலில் மிச்சமிருந்தவை, இடைவெளி விட்டு நின்ற மஞ்சள் தாள்கள். கூட்டம் கலைந்தபின் மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் போல அவை திகைத்து நின்றன.

ரோச்சுக்குப் போன் போட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னார்.

“ஏம்லே, நல்லாத்தான இருக்கு?”

“அது புல்லுலே.”

“நாப்பத்திரண்டு பேருக்கு என்னலே சொல்ல?”

“உள்ளதச் சொல்லு.”

ரோச் உள்ளதைச் சொன்னார். பெயிண்ட் என்று கேட்டவர் மட்டும் பதில் போட்டார்: ‘அப்பவே சொன்னேன்.’

ஞாயிறு காலை அருணாசலவடிவு காப்பிக்குப் பால் சுடவைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். சிவசுப்பிரமணியனின் பைக் வந்து நின்றது. பின்னால், வாழைக்குழிக்கு இடைவெளி அளக்கிற கயிறு சுருட்டிக் கட்டியிருந்தது. அந்த அம்மாள் கயிற்றைப் பார்த்தார். அதன்பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை.

இருவரும் வயலுக்குப் போனார்கள். இசக்கியப்பன் வழியில் மூன்று விதமான முன்னுரைகளைத் தயாரித்திருந்தார். வரப்பில் ஏறியதும் மூன்றும் மறந்துபோயின.

“மச்சான், போட்டோவுல பாத்தியள்லா, அது நெல்லில்ல. குதிரவாலி. நான்தான் தேடிப்புடிச்சு நட்டேன். யூரியாவும் நான்தான் போட்டேன்.”

சிவசுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். சொட்டை மூலைக்குப் போய் ஒரு குத்தைக் கையால் அணைத்து அடியைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். இலையும் தண்டும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் நெருடினார். இசக்கியப்பன் வரப்பில் நின்று வியர்த்தார். கப்பலில் சோதனைக்கு வந்த அதிகாரி சரக்கறையைத் திறந்து பார்க்கும்போதுகூட அவர் இவ்வளவு வியர்த்ததில்லை.

“எப்பப் புடுங்குனிய?”

“வெள்ளிக்கெழம.”

“நான் ஞாயித்துக்கெழம வாரேன்னு சொன்னது தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா புடுங்குனிய?”

“கதிர் உள்ள இருந்துச்சு மச்சான். கொட்டிருமாம்.”

சிவசுப்பிரமணியன் கையைத் தண்ணீரில் அலசினார். அவர் வாழைக்காரர்தான், ஆனால் அந்த வயலில் பிறந்து வளர்ந்தவர். “போட்டோவப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். நெல்லு அப்படிப் பச்சையா இருக்காது. கயித்த எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். அந்தப் பச்ச இன்னும் நின்னுச்சுன்னா இன்னிக்கே குழி அளந்திருப்பேன்.”

இசக்கியப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த மேலுரம் எப்பப் போடுவிய?” என்றார் சிவசுப்பிரமணியன்.

முப்பத்தொரு வருஷத்து யூரியா நிபுணர் நாள்கணக்கை விரலில் எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார்.

“பேச்சி சொல்லும்போது.”

“அப்படின்னா சரி,” என்று சிவசுப்பிரமணியன் கரையேறினார்.

வீட்டில் காப்பியை ஒரு மடக்குக் குடித்ததும் அவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். “பாலு என்ன, இப்படித் திக்கா இருக்கு?”

“பேச்சிச்செல்வி வீட்டு எருமப் பாலு அண்ணே,” என்றார் அருணாசலவடிவு.

“நம்ம யூரியா மச்சான்,” என்றார் இசக்கியப்பன். துறைமுகத்திலிருந்து கிளம்பிய சரக்கு ஒன்று எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாக அறிந்தார். சுற்றுவழிதான், ஆனாலும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அண்ணன் கிளம்பும்போது அருணாசலவடிவு வாசலில் நின்றார். கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது. பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஒரு பெரிய மூச்சை விட்டார். அது எத்தனை நாள் பிடித்துவைத்த மூச்சு என்பது அவருக்கே தெரியாது.

பேச்சிச்செல்வி சொன்ன நாளில், பேச்சிச்செல்வி சொன்ன அளவில், மேலுரம் விழுந்தது. இந்த முறை பந்தியில் நெல் மட்டுமே உட்கார்ந்திருந்தது. ஒரே வாரத்தில் மஞ்சள் தாள்கள் நிமிர்ந்தன; இரண்டு தாள் நான்காயிற்று, நான்கு ஏழாயிற்று. நிறம் கண்ணைக் கூசவில்லை. சாதாரணமான, அடக்கமான, போட்டோவுக்கு லாயக்கில்லாத பச்சை. ஈசான மூலை மற்ற இடங்களைவிடப் பத்து நாள் பிந்திக் கதிர் விட்டது, கொஞ்சம் குட்டையாகவே நின்றது. மாசியில் அறுப்பு இயந்திரம் வந்தபோது அதையும் சேர்த்துத்தான் அறுத்தார்கள்.

இயந்திரம் அந்த மூலைக்குப் போகுமுன் இசக்கியப்பன் அதை நிறுத்தச் சொல்லி, பழக்கத்தில் கையைத் தூக்கினார். உள்ளே போய் ஒரு கதிரை ஒடித்து, ஒரு மணியை உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. யூரியாவைவிடக் கொஞ்சம் நீளம். வாயில் போட்டுக் கடித்தார். பிறகு கையை இறக்கினார், இயந்திரம் நகர்ந்தது.

இப்போது அவர் காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் வருகிறார். அடுத்த பருவத்துக்கு நாற்றங்காலில் உட்கார்ந்து, முந்திக்கொண்டு வளர்கிற நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காது இருக்கிறதா என்று விசாரணை செய்கிறார். உயரமானவை என்றாலே அவருக்குச் சந்தேகம். பேச்சிச்செல்வியின் செட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேச்சு இருப்பதாகவும், வேகம் போதாது என்று தள்ளிவைத்திருப்பதாகவும் தெரிகிறது.

அடுத்த பருவத்துக்கென்று முதன்முதலாக அவர் நாற்றங்காலுக்குப் போன அன்று, அருணாசலவடிவு ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சமையலறையில் டப்பாக்களின் முன் உட்கார்ந்தார். ஒட்டியிருந்த தாள்களை நனைத்து, ஒவ்வொன்றாக, வேரோடு வருகிற மாதிரி உரித்தெடுத்தார். பதினொரு ஹேட்சும் போயின. அன்றைக்கு ரசத்துக்குச் சீரகம் யாரையும் கேட்காமல் கிடைத்தது.